பாயின்ட்டை எங்கே போடுவது?

போன இதழில் 'செவன் டேஸ் டு டை' என்ற வீடியோ கேம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த விளையாட்டுக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஆசிரியர். எனக்கும் அதைவிட மகிழ்ச்சி இல்லை.

விளையாடிப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் அரிசோனாவில் நவஸ்கேன் என்ற கற்பனை வட்டாரம். பெரும் போர் ஒன்று முடிந்து ஊரெல்லாம் ஜாம்பிகள். கையில் ஒன்றும் இல்லாமல் தொடங்குகிறோம். புல்லும் கல்லும் பொறுக்கிக் கோடரி செய்து, வீடு வீடாகத் தேடி, ஒரு பேஸ் (தங்கும் கோட்டை) கட்டிக்கொள்ள வேண்டும். லெவல் ஏற ஏறக் கிடைக்கும் பாயின்ட்டை ஐந்து திறமைப் பிரிவுகளில் போட்டு வளர வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை ரத்த நிலா எழும். அன்று இரவு 10 மணியில் இருந்து விடியற்காலை 4 மணி வரை ஜாம்பிகள் கூட்டம் கூட்டமாக நம்மைத் தேடி வரும். தி ஃபன் பிம்ப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 டிசம்பரில் இதை ஸ்டீம் என்ற இணையக் கடையில் அரைகுறையாக விற்கத் தொடங்கியது. 1.0, அதாவது முழுப் பதிப்பு, என்று சொல்லி வெளியிட்டது 2024 ஜூலையில்தான். இடையில் விதிகள் பலமுறை தலைகீழாக மாறின. பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்து விளையாடுகிறவர்கள் குழம்புவதற்கு அதுவே காரணம்.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அக்கா, நான் 22-ஆவது லெவலில் இருக்கிறேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்று ஐந்து பிரிவிலும் சமமாகப் பாயின்ட் போட்டேன். மூன்றாவது ரத்த நிலாவில் இருந்து தாக்குப்பிடிக்கவே முடியவில்லை. ஏன் இப்படி?
– கல்லூரி மாணவர், ஈரோடு

தம்பி, லெவல் ஏறும்போது நாம் மட்டும் வளர்வதில்லை, எதிரியும் வளர்கிறான். உங்கள் லெவல், நீங்கள் சாகாமல் கடந்த நாட்கள், தேர்ந்தெடுத்த கடினம் எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டம் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கேம் ஸ்டேஜ் என்பார்கள். ரத்த நிலா இரவில் யார் யார் வரப்போகிறார்கள் என்பதை அதுதான் முடிவு செய்யும். நீங்கள் 22 பாயின்ட்டை ஐந்தாகப் பிரித்துப் போட்டாலும் வருவது 22-ஆவது லெவலுக்கு உரிய கூட்டம்தான். உங்கள் கையில் இருப்பதோ நாலைந்து பாயின்ட் மட்டும் பார்த்த ஆயுதம். அடி வாங்காமல் எப்படி இருக்கும்?

லெவலுக்கு ஒரு பாயின்ட்தான் கிடைக்கிறது. அதில் பாதியைப் பிரிவை உயர்த்தவும் மீதியை அதன் கீழே உள்ள பெர்க்குகளை (தனித்தனித் திறன்களை) வாங்கவும் செலவழிக்க வேண்டியிருக்கிறது. மேலே போகப் போக ஒரு படி ஏறுவதற்கே ஒன்றுக்கு மேல் கேட்கும். ஆகவே தொடக்கப் பாயின்ட்டுகளை ஒரே பிரிவில் கொட்டுங்கள். எந்தப் பிரிவு? நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே சோதனைதான். ஒரு கதவைத் திறக்கிறீர்கள், மூக்குக்கு நேரே ஜாம்பி நிற்கிறது. யோசிக்க நேரமில்லை. உங்கள் விரல் எந்த ஆயுதத்தின் எண்ணை அழுத்துகிறது? அதுதான் உங்கள் பிரிவு.

தடி, சுத்தியல், ஷாட்கன் என்றால் ஸ்ட்ரெங்த். புதிதாக வருகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். மரத்தடியை முதல் நாளே செய்துவிடலாம், ஷாட்கன்னை நெருக்கத்தில் சுட்டால் குறி பார்க்கும் வேலை குறைவு, சுரங்கம் தோண்டும் திறனும் இதே பிரிவில் இருப்பதால் கட்டுவதற்கு வேண்டிய கல்லும் இரும்பும் வேகமாகச் சேரும். வில், கத்தி, கைத்துப்பாக்கி என்றால் அஜிலிட்டி. என் பிரிவு அது, அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்கிறேன். ஈட்டியும் ரைஃபிளும் வெடிகுண்டும் பெர்செப்ஷன். முஷ்டியும் மெஷின் கன்னும் ஃபார்டிட்யூட். மின்தடி, தானாகச் சுடும் டரட் இரண்டும் இன்டலெக்ட். தனியாக விளையாடும் புதியவர் இன்டலெக்டைத் தொட வேண்டாம். நல்ல டரட் கைக்கு வருவதற்குள் படாத பாடு பட்டுவிடுவார்.

போட்டது போட்டதுதானா என்று கவலைப்படாதீர்கள். ஆட்டத்தில் வரும் வியாபாரிகளான டிரேடர்கள் கடையில் அவ்வப்போது மறதி மருந்து ஒன்று விற்பனைக்கு வரும். தாத்தா செய்த மருந்து என்று பெயரிலேயே இருக்கும். விலை அதிகம். குடித்தால் செலவழித்த பாயின்ட் எல்லாம் திரும்பக் கைக்கு வந்துவிடும். இப்போதே காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து விளையாடுகிறோம். லெவல் வேகமாக ஏறுகிறது, ஆனால் நல்ல ஆயுதமோ வொர்க் பெஞ்சோ செய்ய முடியவில்லை. எதில் பாயின்ட் போட்டால் அது திறக்கும்?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பாயின்ட் போட்டுத் திறக்கும் காலம் முடிந்துவிட்டது. 2023 ஜூனில் வந்த ஆல்ஃபா 21 என்ற பதிப்பில் இருந்து, ஒன்றைச் செய்யக் கற்பது ஆட்டத்துக்குள் கிடைக்கும் இதழ்களைப் படிப்பதால்தான். உலை, வொர்க் பெஞ்ச், சிமென்ட் மிக்சருக்கு 'ஃபோர்ஜ் அஹெட்' என்ற இதழ். சமையலுக்கு ஒன்று, வண்டிகளுக்கு ஒன்று, ஒவ்வொரு வகை ஆயுதத்துக்கும் ஒவ்வொன்று. ஒரே இதழை எத்தனை பிரதி படிக்கிறோமோ அத்தனை படி ஏறுவோம்.

உங்கள் குழுவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. கிடைத்த இதழைக் கிடைத்தவர் அந்த இடத்திலேயே படித்துவிடுகிறார். மூன்று பேருக்கும் எல்லாவற்றிலும் அரைகுறை அறிவு, யாருக்கும் உலை வரவில்லை. நான், என் தம்பி, சித்தி பையன் மூவரும் விளையாடும்போது பேஸில் ஒரு பெட்டி வைத்திருப்போம். வழியில் கிடைத்த இதழ் எல்லாம் அதற்குள் போகும். உலை, கருவி, வண்டி என்று இரும்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும் தம்பிக்கு. சமையல், விதை, மருந்து மூன்றும் சித்தி பையனுக்கு. வில்லும் கவசமும் எனக்கு. ஒருவர் உச்சிக்குப் போய்விட்டால் அவரே மூவருக்கும் செய்து கொடுத்துவிடுவார். ஒரு பொருளின் தரம் செய்கிறவரின் படிப்பைப் பொறுத்தது, பயன்படுத்துகிறவருக்கு அந்தப் படிப்பு தேவையில்லை.

பாயின்ட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பெர்க்கில் பாயின்ட் போட்டால் அதற்கு உரிய இதழ் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். தடி எடுத்தவருக்குத் தடி இதழ், வில் எடுத்தவருக்கு வில் இதழ். ஆகவே பாயின்ட்டைப் பிரித்துக்கொண்டது போலவே இதழையும் பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மேலே போகும்.

தேடும் இடமும் முக்கியம். தெருவில் நிற்கும் தபால் பெட்டி ஒன்றைக்கூட விடாதீர்கள். 'கிராக் எ புக்' என்று பலகை போட்ட புத்தகக் கடை கண்ணில் பட்டால் வேறு வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். கருவிகளுக்கு 'வொர்க்கிங் ஸ்டிஃப்ஸ்', துப்பாக்கிக்கு 'ஷாட்கன் மெசையா', மருந்துக்கு 'பாப் என் பில்ஸ்'. ஒவ்வொரு கடையிலும் அந்தந்தத் துறை இதழ்தான் அதிகம் கிடைக்கும்.

மேடம், மூன்று அடுக்குச் சுவர் எழுப்பி மேலே ஏறி நின்றுகொண்டேன். வழி எதுவுமே விடவில்லை. அப்படியும் ஜாம்பிகள் அடித்து நொறுக்கிவிட்டன. இதைவிடப் பலமாக எப்படிக் கட்டுவது?
– வங்கி ஊழியர், மதுரை

வழி விடாததால்தான் நொறுக்கின.

ரத்த நிலா அன்று ஜாம்பிகளுக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியும், ஒளிந்து பயனில்லை. அவை நாலு பக்கமும் பார்த்து, உங்களிடம் வர எது சுலபம் என்று கணக்குப் போடும். நடந்து வர ஒரு பாதை இருந்தால் கூட்டம் மொத்தமும் அதில் வரிசையாக வரும். பாதையே இல்லை என்றால் சுவரை உடைப்பதுதான் அவற்றுக்குச் சுலபம். அதிலும் எல்லாம் ஒரே இடத்தில் உடைக்காது. நாலு பக்கமும் பரவி உடைக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் ஓடிச் சரிசெய்வீர்கள்?

அதனால் அவை எந்த வழியாக வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, அந்த வழியைத் திறந்து வையுங்கள். தரையில் இருந்து ஒரு சரிவுப் படி. அதன் முடிவில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய நீண்ட பாலம். பாலத்தின் கடைசியில் இரும்புக் கம்பி, கம்பிக்குப் பின்னால் நீங்கள். ஒவ்வொன்றாக வந்து உங்கள் தடிக்கு முன் நிற்கும். அடிபட்டுக் கீழே விழுந்தது மறுபடி சுற்றிக்கொண்டு படிக்கு வரும். விழுந்தவற்றில் சில கொஞ்ச நேரம் வெறி பிடித்து எதிரே இருப்பதை உடைக்கும், ஆகவே பாலத்தைத் தாங்கும் தூண்களை மட்டும் உங்களால் முடிந்த அளவு உறுதியாக்குங்கள். தூண் போனால் மேலே இருப்பதெல்லாம் உங்களோடு சேர்ந்து சரிந்துவிடும்.

உறுதிக்கு ஒரு கணக்கு. மரக் கட்டையின் பலம் 500 புள்ளி என்றால், கூழாங்கல் கட்டு 1,500, கான்கிரீட் 5,000, ஸ்டீல் 10,000. கூழாங்கல்லில் இருந்து கான்கிரீட்டுக்குப் போகும்போது மூன்று மடங்குக்கு மேல் பலம் கூடுகிறது. சிமென்ட் மிக்சர் கைக்கு வரும் வாரத்தில் வேறு எதையும் கட்டாமல் தூண்களைக் கான்கிரீட்டாக மாற்றுங்கள்.

இன்னொன்று. தூங்கும் பேஸும் சண்டை போடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டாம். உலையும் பெட்டிகளும் இருக்கும் வீட்டை விட்டுத் தள்ளி, சண்டைக்கென்று தனியாகக் கட்டுங்கள். அது இடிந்தால் அடுத்த ஆறு நாளில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், சேர்த்து வைத்த பொருள் பத்திரமாக இருக்கும்.

நாட்கள் ஏற ஏற டெமாலிஷர் என்று ஒருவன் வருவான். ராணுவக் கவசம் போட்ட பெரிய உடம்பு, மார்பில் விளக்கு எரியும் ஒரு பொத்தான். நெஞ்சில் சுட்டு அந்தப் பொத்தானில் பட்டுவிட்டால் பீப் பீப் என்று சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் உங்கள் பாலம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும். அவன் பாலத்தில் ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் குறி பாருங்கள். ஷாட்கன்னை அந்த நேரத்தில் கீழே வைத்துவிடுங்கள், குண்டுகள் சிதறி எங்கே படும் என்று சொல்ல முடியாது.

என் பையனுக்குப் பத்து வயது. அவனுடைய பெரியப்பா மகன் விளையாடுவதைப் பார்த்துவிட்டு இதை வாங்கித் தரச் சொல்கிறான். சண்டை வேண்டாம், வீடு கட்டினால் போதும் என்கிறான். வாங்கலாமா?
– ஒரு தாய், திருச்சி

வேண்டாம். இந்த விளையாட்டு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். அமெரிக்கத் தரப்பிரிப்பின்படி இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. எதிரிகளே வராதபடி அமைப்பை மாற்றலாம்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருக்கும் ரத்தமும் பிணமும் அப்படியே இருக்கும். கட்டுவதில் ஆசை இருக்கிற பிள்ளைக்கு மைன்கிராஃப்ட் வாங்கிக் கொடுங்கள். பீஸ்ஃபுல் என்ற நிலையில் வைத்தால் தாக்க வரும் பிராணிகள் வராது, கிரியேட்டிவில் வைத்தால் பொருளுக்கும் குறைவில்லை. அவன் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் அம்மா, பத்து வயதில் அதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

பி.எஸ்.4-ல் பழைய டிஸ்க் வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு அதில் இலவசமாக வருமா?
– ஒரு வாசகர், சேலம்

வராது. 2016-ல் வந்த அந்தப் பதிப்பை வெளியிட்டது டெல்டேல் நிறுவனம். 2018-ல் அந்த நிறுவனம் சரிந்ததும் பதிப்பும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. 2024-ல் வந்த 1.0 பி.எஸ்.5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கும் மட்டும், தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

அக்கா, நீங்கள் பதுங்கிப் போய் வில்லால் அடிக்கும் ஆள் என்று எழுதியிருந்தீர்கள். நான் முயன்றால் மூன்றாவது அறைக்குள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. எப்படிப் போகிறீர்கள்?
– மென்பொருள் துறையில் இருக்கும் வாசகி, கோவை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்!

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்கதவைத் திறந்து, அந்த வீட்டை வடிவமைத்தவர் போட்ட பாதையில் போனால், எந்த அலமாரியில் இருந்து எது விழ வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அதுவே நடக்கும். நான் முதலில் வெளியே ஒரு சுற்று வருவேன். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் படுத்திருக்கும் கால்களாவது தெரியும். பிறகு குனிந்தபடியே பக்கவாட்டு ஜன்னலில் நுழைவேன். குனிந்தால் திரையில் ஒரு கண்ணும் எண்ணும் தெரியும். அந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு பத்திரம். டார்ச் போட்டால் எண் எகிறும். அதனால் இருட்டான அறையிலும் டார்ச்சை அணைத்துவிட்டு, வாசலில் நின்று கண் பழகும் வரை பொறுத்திருப்பேன்.

உள்ளே சமையலறை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று சுவரில் சாய்ந்து தூங்குகிறது. அதை அடிப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் மேலே ஒன்று காத்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு மூலை அலமாரி, பிறகு மேஜைக்குப் பின்னால். எல்லாம் பார்த்த பிறகு வில்லை முழுவதும் இழுத்து, தலைக்குக் குறி வைத்து, விடு. தூங்கும்போது படும் அம்புக்கு வலிமை பல மடங்கு. சத்தமில்லாமல் சரிந்துவிடும். உடனே அடுத்த அறைக்கு ஓடாதீர்கள். இரண்டு அடி பின்னால் வந்து நின்று, வேறு ஏதாவது உறுமுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் போய் அம்பு உடையாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மூன்றாவது அறையில் விழித்துக்கொள்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கதவை உடைத்துக்கொண்டு போகிறீர்கள். உடைக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும், பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலோ வேறு வழியோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, சில அறைகளில் காலை வைத்தாலே எல்லாம் எழுந்துகொள்ளும்படி விளையாட்டைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் பயனில்லை. பதுங்குவதில் பாயின்ட் போட்டவரை ஏமாற்றும் வேலை இது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பகுதி. அந்த மாதிரி அறை வந்தால் திரும்பி ஓட ஒரு வழியை முன்னாலேயே திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே கைத்துப்பாக்கியால் முடித்துவிடுங்கள்.

பாயின்ட் வரிசை: முதலில் அஜிலிட்டி, அதோடு வில். பிறகு பதுங்கி அடிக்கும் 'ஹிடன் ஸ்ட்ரைக்', நிழலில் மறையும் 'ஃப்ரம் த ஷேடோஸ்'. இரண்டாவது ரத்த நிலாவுக்கு முன் துப்பாக்கிக்கு இரண்டு பாயின்ட் ஒதுக்குங்கள். அன்று பதுங்கவும் முடியாது, வில் நாண் இழுக்க நேரமும் இருக்காது. பாலத்தில் நின்று சுட கைத்துப்பாக்கி அல்லது எஸ்.எம்.ஜி. (சிறிய மெஷின் கன்) வேண்டும், இரண்டும் அதே பெர்க்கில் வந்துவிடும். பறவைக் கூடு எங்கே கண்டாலும் இறகு எடுத்துக்கொள்ளுங்கள். மரமும் கல்லும் எப்போதும் கிடைக்கும், அம்புக்குத் தட்டுப்பாடு வருவது இறகால்தான்.

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் கணினியில் போட்டுக் கொடுத்தான். எனக்குச் சண்டையில் விருப்பமில்லை, மண்ணுக்குள் தோண்டிக்கொண்டே இருப்பது மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. இப்படியே விளையாடினால் முன்னேற முடியுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக முடியும் ஐயா. தோண்டினாலும் லெவல் ஏறும், கட்டையைக் கல்லாக மாற்றினாலும் ஏறும். ஸ்ட்ரெங்த் பிரிவில் 'மைனர் 69-ர்', 'மதர் லோட்' என்று இரண்டு பெர்க் இருக்கின்றன. முதலாவது தோண்டும் வேகத்தையும், இரண்டாவது கிடைக்கும் தாதுவின் அளவையும் கூட்டும். இவை இரண்டையும் முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

தோண்டுகிறவர் கையில்தான் ஊரின் சாவி இருக்கிறது. நிலக்கரியும் நைட்ரேட்டும் சேர்ந்தால் வெடிமருந்து, ஈயமும் பித்தளை உறையும் இருந்தால் தோட்டா. உலையில் கல்லைப் போட்டால் சிமென்ட், அதோடு மணலும் சிறு கல்லும் மிக்சரில் சேர்ந்தால் கான்கிரீட். என் தம்பி இப்படித்தான் விளையாடுவான். ரத்த நிலா அன்று அவன் கட்டிய தூண் மேல் நின்று, அவன் செய்த தோட்டாவைத்தான் நான் சுடுகிறேன். மகனோடு சேர்ந்து விளையாடுங்கள் ஐயா. பக்கத்தில் இருந்தால் அவர் பெறும் அனுபவத்தில் உங்களுக்கும் பங்கு வரும்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். உலை, அடுப்பு, தோண்டும் இயந்திரம் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் சூட்டை ஏற்றும். ஓர் அளவைத் தாண்டினால் ஸ்க்ரீமர் என்ற பெண் ஜாம்பி வருவாள். உங்களைப் பார்த்து அவள் கத்தினால் கூட்டம் திரண்டுவிடும். தூரத்தில் அவள் அழுகுரல் கேட்டதும் தோண்டுவதை நிறுத்திவிட்டு மேலே வந்து, கத்துவதற்கு முன் முடித்துவிடுங்கள். நாலு உலையை ஒரே இடத்தில் எரிய விடாமல் தள்ளித் தள்ளி வைத்தால் அவள் வருகையே குறையும்.

2.0 பதிப்பு வந்த பிறகு பனிப் பகுதிக்கோ பாலைவனத்துக்கோ போக முடியவில்லை, கொஞ்ச நேரத்தில் உடம்பு வீணாகிறது. பழையபடி விளையாட வழி உண்டா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

2025-ல் வந்த அந்தப் பதிப்பில் பகுதிகளுக்கு ஒரு வரிசை வைத்தார்கள். பசுங்காட்டில் ஆபத்தில்லை. எரிந்த காட்டில் புகை, பாலைவனத்தில் வெயில், பனியில் குளிர், பாழ்நிலத்தில் கதிர்வீச்சு. ஒவ்வொரு பகுதிக்கும் உரிய சவால்களை முடித்தால் அந்தப் பகுதி உங்களை ஒன்றும் செய்யாது. உலகம் தொடங்கும்போதே அமைப்பில் இந்த வரிசையை அணைத்துவிடலாம்.

முதல்முறை விளையாடுகிறவர் அணைக்க வேண்டாம். பாழ்நிலத்தில் லூட் (தேடினால் கிடைக்கும் பொருள்) பிரமாதம் என்று கேள்விப்பட்டு மூன்றாம் நாளே ஓடி, நாய்க்கூட்டத்திடம் மாட்டிக்கொள்வதை இந்த வரிசை தடுக்கிறது. நீங்கள் பழைய ஆள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அணைத்துவிட்டு விளையாடுங்கள். எந்தத் திசையிலும் நடக்கலாம் என்ற சுதந்திரம்தான் இதன் உயிர். என் உலகத்திலும் அது அணைந்தே இருக்கிறது.

'ப்ராஜெக்ட் சோம்பாய்ட்' இதைவிட நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாறலாமா?
– கல்லூரி மாணவி, நெல்லை

இரண்டும் வேறு வேறு ஆசைக்கு உரியவை. சோம்பாய்ட் நடப்பது 1993 ஜூலையில், கென்டக்கியில். அங்கே முக்கியமான தேர்வை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். தச்சரா, திருடரா, மரம் வெட்டுபவரா என்று தொழிலைத் தேர்ந்தெடுத்து, கண்பார்வை மங்கல் மாதிரியான குறைகளை ஏற்றுக்கொண்டால்தான் நல்ல குணங்களுக்குப் பாயின்ட் கிடைக்கும். திறமை வளர்வது செய்து பழகுவதால்தான். முதல் வாரத்தில் தொலைக்காட்சியில் வரும் தச்சு, சமையல் நிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்த்தாலே அந்தத் திறமைகள் ஏறும். அது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஆனால் வழக்கமான அமைப்பில் ஜாம்பி கடித்துவிட்டால் பிழைக்க வழியே இல்லை. செவன் டேஸில் தொற்று வந்தால் மரத்தின் அடிக்கட்டையை உடைத்துத் தேன் எடுத்துக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

கட்டவும், கூட்டத்தை எதிர்த்து நிற்கவும் ஆசையா? மாற வேண்டாம். ஒரு சாதாரண மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்று பார்க்க ஆசையா? மாறுங்கள். தொடங்கும்போது தச்சராகத் தொடங்குங்கள்.

அக்கா, டிரேடர் கொடுக்கும் குவெஸ்ட் (கூலி வேலை) மட்டும் செய்துகொண்டிருந்தால் போதும், தோண்டுவதும் கட்டுவதும் வீண் வேலை என்கிறான் என் அண்ணன். உண்மையா?
– பிளஸ் டூ முடித்த மாணவி, விழுப்புரம்

அண்ணன் சொல்வதில் முக்கால்வாசி சரி. டிரேடர் தரும் பரிசு, கடைக்குள் வாங்கி விற்கும் லாபம் இரண்டும் சேர்ந்தால் தொடக்க வாரங்களில் எதுவும் அதற்கு ஈடாகாது. 'டேரிங் அட்வென்சரர்', 'பெட்டர் பார்ட்டர்' இரண்டிலும் பாயின்ட் போட்டிருக்கிறானா என்று கேளுங்கள். போட்டிருந்தால் பரிசும் லாபமும் இன்னும் ஏறும்.

ஒரு நுணுக்கம் அவனுக்குத் தெரியுமா பாருங்கள். குவெஸ்ட் குறியைத் தொட்டதும் அந்தக் கட்டடம் முழுவதும் புதிதாகிவிடும். உடைந்த கதவு சரியாகும், காலியான பெட்டி நிரம்பும். ஆகவே முதலில் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிறகு குறியைத் தொட்டால் அதே வீட்டில் இரண்டாவது முறையும் எடுக்கலாம். சிலர் இதை ஏமாற்று என்பார்கள். இரண்டு முறை ஜாம்பிகளோடு சண்டை போடுகிறவருக்கு இரண்டு முறை கூலி, அதில் என்ன ஏமாற்று?

மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். டிரேடர் இரவில் கடையை மூடி உங்களை வெளியே தள்ளிவிடுவார், ரத்த நிலா அன்றும் அப்படித்தான். அண்ணன் குவெஸ்ட் செய்யட்டும். நீங்கள் ஐந்தாம் நாளில் இருந்து கல் சேர்த்து, நான் மேலே சொன்ன பாலத்தைக் கட்டி வையுங்கள். ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்கு அவன் பை நிறையத் தோட்டாவோடு உங்கள் வாசலுக்குத்தான் வருவான்.